கசக்கற ரகம்தான் வேணும்

இல்லண்ணே, நீங்க சரியாத்தான் கேட்டீங்க, நானும் சரியாத்தான் சொன்னேன். கசக்கற வெள்ளரி விதை. கசக்காததுன்னு சொல்ல வந்து நாக்கு குழறல. வெயில்ல நடந்து மண்டையும் காஞ்சு போகல. நான் இப்படி ஃபேனுக்குக் கீழ நிக்கறேன், நீங்க பாட்டுக்குத் தேடுங்க.

இது என்ன, நீளப் பச்சையா? மூணு மாசம் முன்னாடி இதே பாக்கெட்ட உங்ககிட்ட வாங்கிட்டுப் போனவதான் நான். படத்துல முழங்கை நீளம் இருந்துச்சு. வீட்டுல காய்ச்சது என் கட்டைவிரலைப் பாத்தே வெக்கப்பட்டுச்சு. சண்டைக்கு வரலண்ணே, விடுங்க.

அது? ஆம்பளப் பூவே வேணாமா? தன்னால காய்க்குமா? அடேங்கப்பா! மெதுவாச் சொல்லுங்க, ஊர்ல பாதிப் பொம்பளைங்க கடை வாசல்ல வரிசை கட்டிடுவாங்க. இல்ல, நிஜமாத்தான். என் கொடியில முதல் பத்து நாள் வெறும் ஆம்பளப் பூதான். மஞ்சளா மினுக்கிக்கிட்டு நிக்கும், ஒரு வேலையும் பாக்காது, பொத்துன்னு விழுந்துடும். அப்புறம் பொம்பளப் பூ வருது, வரும்போதே இடுப்புல ஒரு பிஞ்சைத் தூக்கிக்கிட்டு. அதப் பாத்துட்டு நான் தனியா நின்னு சிரிச்சேன்.

இதுவும் கசக்காதா? அப்ப வேணாம், அந்தப் பக்கம் வையுங்க.

பாகற்காயா? வந்துட்டீங்களா நீங்களும்! என் தங்கச்சியும் இதத்தான் சொன்னா. அது சரிப்படாதுண்ணே. உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமா, நான் கசப்பேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டுல்ல வருது. எனக்கு வேண்டியது தட்டுல ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உக்காந்திருக்கணும், கடிச்சா தூக்கிவாரிப் போடணும். அதுவும் எல்லாக் காயும் கசக்கக் கூடாது. நாலுல ஒண்ணு போதும். எது அந்த ஒண்ணுன்னு கடவுளுக்கே தெரியக் கூடாது.

மாமியாருக்கா? சேச்சே, அவங்க மூத்த மகன் வீட்டுல சௌக்கியமா இருக்காங்க, அந்த மருமக பாடு அது. இது எங்க வீட்டுக்காரருக்கு.

தண்ணியக் குறைச்சா எந்த வெள்ளரியும் கசந்துடுமா? தெரியும். ஆனா தண்ணி ஊத்தறதே அவருதான். காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி, மக்குல மொண்டு மொண்டு ஊத்துவாரு. ஒரு வேளை தவறாது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்ணே. இருபத்தாறு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து அடுத்தவங்க ஓட்டறதுக்கு பிரேக் போட்டே பழகின கால். வீட்டுலயும் அதே புத்தி. நான் தட்ட வச்சதுமே ஆரம்பிச்சுடுவாரு. உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி, இந்தக் கறி வெந்துச்சா இல்ல சுடுதண்ணியில குளிச்சுட்டு மட்டும் வந்துச்சா. ஒருநாள் கரண்டிய ஓங்கிட்டேன், பக்கத்து வீட்டுக்காரி வந்து அவர் உயிரைக் காப்பாத்தினா.

அதுக்குப் பழிவாங்கவா? நல்லா கேட்டீங்க. கசந்தா வயித்துக்கு ஆகாதுன்னும் எனக்குத் தெரியும், ஒரு துண்டுக்கு மேல குடுக்க மாட்டேன்.

இப்ப ஸ்கூலுக்குப் போறதில்லண்ணே. போன வருஷம் தொண்டையில ஒரு கட்டி. ஆமா, நீங்க நெனக்கறதுதான். முப்பத்தஞ்சு தடவை கரண்ட் வச்சாங்க, அதாண்ணே, ரேடியேஷன். கட்டி போயிடுச்சு, டாக்டர் கைகுலுக்கி அனுப்பினாரு. கூடவே நாக்குல இருந்த ருசியும் போயிடுச்சு. வரலாம், வராமலும் இருக்கலாம், பொறுத்துப் பாருங்கன்னுட்டாங்க.

பத்து மாசம் பொறுத்தேன். எதப் போட்டாலும் நல்லாருக்குங்கறாரு. வேணும்னே உப்பே போடாம வச்சேன், நல்லாருக்கு. மறுநாள் உப்ப அள்ளிக் கொட்டினேன், நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்கறாரு. வாயில என்ன இருக்குன்னே தெரியாம, என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு. என் மனசு நோகக் கூடாதாம். அந்த வார்த்தையக் கேட்டாலே நான் அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயிடறேண்ணே. பாகற்காய் வச்சும் பாத்துட்டேன். கண்ணால பாத்துட்டு, அய்யய்யோ கசக்குதேன்னு நடிக்கறாரு. நடிக்கவும் வரல மனுஷனுக்கு.

போன வாரம் கொடியில கடைசிக் காய். போன்ல தங்கச்சிகிட்ட பேசிக்கிட்டே வெட்டினேன். கசப்பு எடுக்கக் காம்புப் பக்கம் தேய்க்கவும் இல்ல, வாயில போட்டுப் பாக்கவும் இல்ல. தட்ட அவருகிட்ட நீட்டிட்டேன். ஒரு துண்டு வாயில போட்டாரு. ரெண்டு கடி. மூஞ்சி அஷ்டகோணலாப் போச்சு. தூன்னு துப்பிட்டு, ஏண்டி, இத்தனை நாள் விஷத்துக்கா என்னைத் தண்ணி ஊத்த வச்சேன்னு ஒரு கத்து கத்தினாரு பாருங்க. போன்ல அவ என்னக்கா, என்னக்கான்னு பதறறா. போனைக் கீழ வச்சுட்டேன். நானும் ஒரு துண்டக் கடிச்சேன். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. அவர் நடிக்கலண்ணே.

ராத்திரி சாப்பாட்டுக்கு மறுபடி நல்லாருக்குன்னுட்டாரு. அது அன்னிக்கு ஒருநாள் கூத்தா, இல்ல நாக்கு நெசமாவே திரும்பி வருதா, எனக்குத் தெரிஞ்சாகணும். கொடியும் காஞ்சுபோச்சு, அந்தக் கொடி பூரா காய்ச்சதுல அது ஒண்ணுதான் கசந்துச்சு.

அடியில ஏதோ காகிதப் பொட்டலம் இருக்கே, அது? நாட்டு ரகமா? சிலது கசந்துடுதுன்னு யாரும் வாங்கறதில்லையா? அதத்தாண்ணே இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருக்கேன். எத்தனை நாள்ல காய்க்கும்? அம்பதா? சரி, ரெண்டு பொட்டலமாக் குடுங்க. அம்பது நாள்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன். எனக்கு நல்லா திட்டு வாங்கணும்ணே.