திருமலையில் இரண்டு சுவெற்றர்

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 9.20. கொளுத்தும் வெயில். திருமலை என்று நாங்கள் சுருக்கும் திருகோணமலையிலிருந்து நிலாவெளிக் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துத் தம்பதியர். மனைவியின் மடியில் இரண்டு கம்பளிச் சுவெற்றர்.

“மலைக்குப் போறம் எண்டுதானே சொன்னியள்? முழிச்சுப் பாத்தால் கடல்!”

“திருமலை எண்டெல்லோ சொன்னனான். உமக்குத் ‘திரு’ கேக்கேல்லைப் போல.”

“கடல் எங்கட வீட்டுக்குப் பின்னாலையும் கிடக்கு. எனக்கு மலையிலை ஒரு கிராமத்திலை இருந்து, போர்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கவேணும்.”

“ஏசி அறை எடுத்திருக்கிறன். பதினாறிலை விட்டால் குளிரும்.”

மனைவி சிரிக்கவில்லை. நான் இறங்கவேண்டிய உப்புவெளி வந்தது. முடிவு தெரியாமல் இறங்க மனம் வரவில்லை.

“சரியப்பா, நாளைக்கு மலைநாட்டுக்கு, பதுளை பஸ் எடுப்பம். இண்டைக்குக் கடலிலை காலை மட்டும் நனைச்சுக்கொள்ளும்.”

“சுவெற்றரோடைதான் நனைப்பன்!” என்று மனைவி சிரித்தார்.

நிலாவெளியிலிருந்து உப்புவெளிக்குத் திரும்பிவர எனக்கு ஓட்டோவுக்கு ஆயிரத்து நூறு ரூபாய்.