இரண்டாம் வரிசை பெஞ்சு

சீக்கிரம் எழுதுங்கள் போதகர் ஐயா, ஆராதனைக்கு முதல் முரசு அடித்துவிட்டார்கள். இரண்டாவது முரசுக்குள் முடிக்காவிட்டால், நான் சபை நடுவில் எழுந்து நிற்கும்போது நீங்கள் வாசிக்க என் பாவ அறிக்கையில் பாதிதான் இருக்கும். மை உறைந்திருந்தால் அடுப்போரம் கொஞ்சம் வையுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

சபைக் கட்டடத்தில் வடக்கு வாசலை ஒட்டி உட்கார்ந்தால் இருமல் வரும். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஷ்பிரிட்ஜுக்கு நீங்கள் வந்து ஒரு குளிர்காலம்கூட முழுசாக முடியவில்லை. மேடையில் நிற்பவருக்குக் காற்று எந்த இடுக்கில் நுழைகிறது என்று தெரிய நியாயமில்லை. பெண்கள் பக்கம், ஐந்தாம் வரிசை, வாசல் ஓரம். அங்கே பதினோரு குளிர்காலம் உட்கார்ந்தேன். நாயைக் காலடியில் படுக்கவைத்தால் கால் பிழைத்துக்கொள்ளும். நெஞ்சுக்கு வழியில்லை. பழைய போதகர் மணல்கடிகையை இரண்டு தடவை கவிழ்த்துவைத்துப் பிரசங்கம் செய்வார்.

யார் எந்த வரிசை என்பதை மூன்று பேர் கொண்ட குழு முடிவு செய்யும். வயது, நிலம், குடும்பம் சபைக்குச் செய்தது, எல்லாம் பார்த்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பட்டியலைக் கதவில் ஆணி அடித்து மாட்டுவார்கள். பட்டியல் தொங்கும் வாரத்தில் ஊரில் பாதிப் பேர் மீதிப் பாதியோடு பேசமாட்டார்கள்.

ஹெப்சிபா லண்ட் இரண்டாம் வரிசை. விதவை. என்னைவிட மூன்றே வயது மூத்தவள். நிலம் எங்களுடையதைவிடச் சின்னது. ஆனால் அவள் புருஷன் சாவதற்கு முன்னால் சபைக் கூரைக்கு உத்திரம் கொடுத்திருந்தார். பதினோரு வருஷம் அவள் தொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே ஜெபம் செய்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல மனுஷி. வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நாலு பேர் காது கேட்கச் சொன்னாள்: "ஏண்டி மெஹிட்டபெல், நீ இருமுற இருமல்ல போதகருக்கே ஆமென் சொல்ல இடம் கிடைக்கலயே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் மார்ச் மாதம் சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன், பட்டியல் குழுவில் ஒருவர், அவர் வீட்டு வேலைக்காரி டார்க்கஸ் நோயில் விழுந்துவிட்டாள். பதினேழு வயசுப் பெண். பானையைத் தூக்கி எறிந்தாள், நாய் மாதிரி குரைத்தாள், கைகால் முறுக்கிக்கொண்டது. மருத்துவர் வந்து சிறுநீர்க் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்ன நோய் என்று அவருக்குப் புரியவில்லை. செய்வினை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பெயர் தெரியாத எல்லா நோய்க்கும் அந்த வருஷம் அதுதான் பெயர்.

மூன்று நாள் நாங்கள் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தோம். உன்னை வதைப்பது யார் என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். டார்க்கஸ் யார் பெயரையும் சொல்லவில்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. பிறந்ததிலிருந்து மூன்று நாள் சேர்ந்தாற்போல் படுத்திருக்காதவள். டீக்கன் மனைவியே பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள்.

வியாழக்கிழமை காலையில் நான் குனிந்து கேட்டேன். "ஹெப்சிபாவா?"

அவள் கண்ணை மூடினாள். தலை லேசாக அசைந்தது. "பாருங்க, ஆமாங்கிறா," என்றேன். கஞ்சியை விழுங்கியதில் அசைந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நான் கேள்விதான் கேட்டேன் ஐயா, குற்றம் சாட்டவில்லை. இந்த வித்தியாசம் காகிதத்தில் தெளிவாக இருக்கவேண்டும். மறுநாள் ஹெப்சிபாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு டார்க்கஸுக்கு என் உதவி தேவைப்படவில்லை. ஒரு பெயருக்கு ஊரே திரும்பிப் பார்க்கிறது என்று தெரிந்ததும், மற்ற பெயர்களை அவளாகவே சொன்னாள். அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. முன் வரிசைகளில் நிறைய இடம் காலியானது உண்மைதான்.

விசாரணையை நம் சபைக் கட்டடத்திலேயே வைத்தார்கள். அத்தனை கூட்டம் கொள்ள ஊரில் வேறு கட்டடம் கிடையாது. ஹெப்சிபாவை அவள் பெஞ்சுக்கு எதிரிலேயே நிறுத்தினார்கள். அவள் தலையைச் சாய்த்தால் டார்க்கஸும் சாய்த்தாள். அவள் உதட்டைக் கடித்தால் டார்க்கஸ் வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். ஹெப்சிபாவுக்கு அப்போதும் பயம் வரவில்லை.

"நான் தும்மினா இந்தப் பொண்ணும் தும்முமா ஐயா?" என்று நீதிபதியைக் கேட்டாள்.

டார்க்கஸ் தும்மினாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்ததுமே இருமல் வந்துவிட்டது. ஹெப்சிபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் விடலையாடி அது? அதுக்குத்தான் நான் வழி சொன்னேனே," என்றாள்.

என்ன வழி என்று நீதிபதி கேட்டார். அவள் ஒரு விளக்கம் சொன்னாள். அன்றைக்குச் சபை முதன்முதலாகச் சிரித்தது. நீதிபதிகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்யமாட்டாள் என்று டீக்கன் எழுந்து சொன்னார். நீதிபதி என்னைக் கேட்டார். "அவ சொல்றது நிஜமா?"

"அப்படி எதுவும் நடக்கலங்கய்யா," என்றேன்.

ஹெப்சிபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவள் வாய் நீளவில்லை. இருமலை என் நெஞ்சில் ஏவியது அவள்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் இருக்கும் மேட்டில் தூக்கிலிட்டார்கள். ஊரே போனது, நானும் போனேன். நல்ல வெயில். அன்றைக்கு நான் ஒரு தடவைகூட இருமவில்லை. பார்த்தவர்கள் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

அறுவடைக்குப் பிறகு கதவில் புதுப் பட்டியல் தொங்கியது. நான் யாரையும் கேட்கவில்லை, குழுவாகவே போட்டிருந்தது. இரண்டாம் வரிசை, மெஹிட்டபெல் கோர். பதினாலு வருஷம் ஆகிறது.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

"அம்மா, சாத்தான் உங்க கண்ணைக் கட்டிட்டான்னு எழுதிடுறேன். அன்னைக்குச் சாட்சி சொன்னவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க," என்கிறீர்கள். எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. திருவிருந்தில் எனக்கு ரொட்டி கிடைத்தால் போதும். ஆனால் கெசியா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ஹெப்சிபாவின் மகள் சபையில் எழுந்து தடை சொன்னால் என்னைத் திருவிருந்தில் சேர்க்க முடியாது. அவள் கேட்பது ஒன்றே ஒன்று, விசாரணையில் அவள் அம்மா சொன்ன விளக்கம் நிஜமா பொய்யா. அன்றைக்குக் கெசியாவுக்கு நாலு வயசு. சிரித்தவர்கள் யாரும் அது என்ன என்று அவளிடம் சரியாகச் சொன்னதில்லை.

சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

டார்க்கஸின் காதில் நான் பெயரைச் சொன்னது வியாழக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஹெப்சிபா என் வீட்டுக்கு வந்தாள். பால் கறந்துகொண்டிருந்தேன். உட்காரக்கூட இல்லை. தொழுவ வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"ஏண்டி, புதுப் பட்டியல் போடப்போறாங்க. சனிக்கிழமை டீக்கன்கிட்டப் போய், என் இடத்தை உனக்குப் போடச் சொல்லப்போறேன். எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு, நான் வாசல்ல உட்கார்ந்துக்கறேன். நீ இருமி இருமிச் செத்துத் தொலையாதே."

இதுதான் அந்த விளக்கம். இரண்டாம் வரிசையை யாராவது தானாக விட்டுக்கொடுப்பார்களா என்றுதான் எல்லோரும் சிரித்தார்கள். நிஜம் என்று எழுதுங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் ஆமாம் என்றிருந்தால் அவளை விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படி என்னைப் பார்க்காதீர்கள் ஐயா. யோசித்துப் பாருங்கள். அவள் கொடுத்து வாங்கியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஹெப்சிபா பாவம் பார்த்துக் கொடுத்தது என்று முதுகுக்குப் பின்னால் நாலு வரிசையும் பேசியிருக்கும். என் மானம் என்ன ஆவது?

இரண்டாவது முரசு அடிக்கிறது. மணலைத் தூவி மையை உலர்த்துங்கள், போகலாம்.

வடக்கு வாசல் ஓரம் இப்போது கெசியாதான் உட்காருகிறாள். இந்தக் குளிர்காலம் முழுக்க இருமுகிறாள், கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் இடத்தை அவளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அறியாத பெண்ணை அப்படி அவமானப்படுத்த எனக்கு மனம் வராது.