தட்டில் வளரும் எலும்பு

பாயான் பாருவிலிருந்து புறப்பட்ட பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிச் சீருடையில், மற்றவர் மடியில் பசாரில் வாங்கிய காய்கறிக் கூடையுடன்.

“என் மக தட்டுல எலும்பு வளக்குறா,” என்றார் சீருடைக்காரர்.

கூடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “என்னக்கா சொல்றீங்க?”

“யூனிவர்சிட்டி லேப்ல லா. எலியோட எலும்புக்குள்ள, என்னவா வளரணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லு இருக்காம். அதை எடுத்து ரெண்டு தட்டுல விடுறாங்க. வெங்காயத் தோல்ல இருக்கிற மஞ்சள் சத்தை ஒரு தட்டுல மட்டும் சேக்குறாங்க. எலும்பு பிடிச்ச இடம் சாயம் ஊத்துனா சிவப்பாயிடும்.”

“அப்ப என் முட்டிவலிக்கு வெங்காயத் தோல் போதுமா?”

“அப்படி யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அவ கண்டிச்சு வச்சிருக்கா. இப்போதைக்குத் தட்டோட சரி.”

“நீங்க பாத்தீங்களா?”

“சனிக்கிழமை கூட்டிட்டுப் போனா. மைக்ராஸ்கோப்ல எப்படிப் பாக்கணும்னு சொல்லித்தர அவ புரொபசர் வந்தாரு. அதுக்குள்ள நானே உக்காந்து, திருகி, ஃபோகஸ் வச்சிட்டேன். சத்து போட்ட தட்டுலதான் சிவப்பு அதிகம். ஆனா ஒரு ஓரத்துல செல்லு தட்டுல ஒட்டாம உரிஞ்சு கிடந்துச்சு. சொன்னேன். அவரும் குனிஞ்சு பாத்துட்டு, ஆமான்னாரு. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

சீருடைக்காரர் மணியை அழுத்திவிட்டு எழுந்தார்.

“பன்னெண்டு வருசமா கம்பெனியில மைக்ராஸ்கோப்ல பாத்துதான் சிப்புல முடியவிட மெல்லிசான கம்பி ஒட்டுறேன்னேன். அவரு என் மக பக்கம் திரும்பி, ‘உன் கண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது’ன்னாரு.”