முப்பத்தெட்டரை

சாயங்காலம் ஆறரை மணி. பண்ணையிலேர்ந்து மெயின் ரோட்டுக்கு வர்ற மண் பாதை... ஈ காக்கா இல்ல. என் தோழியோட அக்கா வீட்டுக்காரர் நின்னுபோன பைக்கை உருட்டிக்கிட்டு வர்றார்.

அவர் அந்த மாட்டுப் பண்ணையில சூப்பர்வைசர். அங்க ஒவ்வொரு மாட்டு வயித்துலயும் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி. முழுங்கினா ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும். உடம்புச் சூட்டைப் போனுக்கு அனுப்பும், அங்க கோடா ஓடும். கோடு ஏறினா காய்ச்சல். இறங்கிக்கிட்டே போனா... உயிர் போச்சு.

அந்த மாசம் கொள்ளைக் காய்ச்சல். விழுந்த மாட்டையெல்லாம் குழியில தள்ளினாங்க. அன்னைக்கு மத்தியானம் மகாராணி. அவர் புட்டிப்பால் குடுத்து வளர்த்த மாடு. தொட்டா மத்ததுக்கும் ஒட்டிக்கும்னு தள்ளி நின்னு போனைத்தான் பார்த்தார். கோடு சரசரன்னு இறங்குது.

"முடிஞ்சுது. தள்ளி மூடுப்பா."

பொக்லைன் டிரைவர் தயங்கினான். "அண்ணே, காது ஆடின மாதிரி..."

"காத்துல ஆடுது. நீ என்ன டாக்டரா? வண்டிய எடு."

மூடியாச்சு. அப்புறம்தான் கண்ணுல பட்டுது... அது படுத்திருந்த இடத்துல வாளி. காலையில அவரே ரொப்பி வச்சது. காலி.

பச்சைத் தண்ணி வயித்துக்குள்ள போனாலும் கோடு சட்டுனு இறங்கும். வேலையில சேர்ந்த அன்னைக்கே கத்துக்கிட்ட பாடம். பொக்லைன் அதுக்குள்ள கேட்டைத் தாண்டிருச்சு.

அவர் யார்கிட்டயும் மூச்சு விடல.

இப்போ அந்தப் பாதையில பாக்கெட்டுல போன் அதிருது. மகாராணி. முப்பத்தெட்டரை. நல்லா இருக்கிற மாட்டோட சூடு. அத்தனை ஆழத்துலேர்ந்து சிக்னலே வராது...

ஈர மண் வாசனை. நடுவுல பால் வாசனை. முதுகுக்குப் பின்னாடி மடக்... மடக்... திரும்பினா யாருமில்ல. தொண்டை வறண்டு பாட்டில் தண்ணிய ஒரு வாய் குடிச்சார்.

கோடு இறங்குச்சு.

அன்னையிலேர்ந்து அவர் குடிச்சா கோடு இறங்குது. குடிக்காம இருந்தா ஏறுது... காய்ச்சலா. போனை மாத்தினார். புதுப் போன்லயும் மகாராணி.

"போதுங்க, வயிறா பானையா?"ன்னு அக்கா செம்பைப் பிடுங்குவா.

"விடுடி... அவளுக்குக் காயுது."

நேத்து அவர் அசந்து தூங்கும்போது அக்கா நெத்தியைத் தொட்டுப் பார்த்தாளாம். குழி மண்ணு மாதிரி சில்லுனு இருந்துச்சாம். கையைக் காலைப் பிடிச்சு உலுக்கினா... அசைவே இல்ல.

காது மட்டும் லேசா ஆடிச்சாம்.