நடுப்பாலத்துல நின்ன கரண்டு வண்டி

இல்லைங்க ரங்கசாமி சார், உக்கார மாட்டேன். காப்பியும் வேணாம். வண்டிய வித்த ஆளு வீட்டுலயே காப்பி குடிச்சுட்டா அப்பறம் எப்புடி சண்ட போடுறது? மொதல்ல வாசலுக்கு வந்து வண்டியப் பாருங்க. உங்க வண்டிதான். போன வாரம் வரைக்கும் இங்கதான நின்னுச்சு...

பாலக்கரைலேர்ந்து நல்லாத்தான் கெளம்புச்சு. ஸ்ரீரங்கம் போயி, வண்டி தங்கமா ஓடுதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வரலாம்னுதான் வந்தேன். காவேரிப் பாலத்துல பாதி தாண்டல, பொசுக்குன்னு உயிர விட்டுருச்சு. பெட்ரோல் வண்டின்னா நாலு ஒத விடலாம். கரண்டு வண்டிய எங்கன்னு ஒதைக்கிறது? தள்ளிக்கிட்டே வரேன், எதிர்க்காத்து வேற. பஸ்ஸுல போறவனெல்லாம் எட்டிப் பாத்து சிரிக்கிறான். முன்னாடி நீங்க ஒட்டுன நாமம் அப்புடியே இருக்கு. அதுக்கு மேல எங்க லூர்துராணி ஒட்டுன மாதா படம். ரெண்டு பேரும் இருந்து என்ன பண்றது, தள்ளுனது இந்த ஸ்தனிஸ்லாஸ்தான.

சார்ஜா? நேத்தே ஃபுல்லா போட்டாச்சுங்க.

சிரிக்காதீங்க சார். உங்களுக்கு இது வண்டி, எனக்கு மானம். லூர்துராணி அப்பவே சொன்னா, புதுசா வாங்குங்க, என் பிஎஃப்லேர்ந்து தரேன்னு. டீச்சரா இருந்து ரிடையர் ஆனவ, தெளிவாத்தான் பேசுவா. நாந்தான் கேக்கல. ஷோரூம விட்டு எறங்குனாலே எந்த வண்டியும் பழசுதாண்டி, இது ரங்கசாமி சார் பூ மாதிரி வச்சுருந்த வண்டின்னு உங்களுக்காக வக்கீல் வேல பாத்தேன். இப்ப செத்த வண்டியோட வீட்டுக்குப் போனா... திட்ட மாட்டா. திட்டுனாக்கூட பரவால்ல. தெரு ஜெபக் கூட்டத்துல வேண்டுதலா வைப்பா. "என் வீட்டுக்காரர் ஏமாந்து வாங்குன வண்டிக்காக"ன்னு ஆரம்பிப்பா, தெருவே முட்டி போட்டு வேண்டும். அந்தக் கேவலத்த நா தாங்க மாட்டேங்க. பேசாம வண்டிய நீங்களே திரும்ப எடுத்துக்கங்க. அவ்ளோதான் கேக்குறேன்.

என்ன, தண்ணி பட்டுச்சாவா? நல்லாக் கேட்டீங்க. மழ எங்கங்க பேஞ்சுச்சு? வாட்டர் வாஷ் விடல. ஈரத்துணி கூட போடல, பச்சப்புள்ளைய தொடைக்கிறாப்ல காஞ்ச துணியிலதான் தொடைக்கிறேன். இன்னிக்குக் காலைல மாதா கோயில்ல பூச முடிஞ்சு வண்டிய மந்திரிச்சதோட சரி. அதக்கூட எங்க, சாமியாரு ஒழுங்கா மந்திரிச்சாரு? கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறாப்ல ஹேண்டில்பார்ல ரெண்டு சொட்டு விட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டாரு. கரண்டு வண்டிக்கு உயிரு பேட்டரிலதான இருக்கு? ஹேண்டில்பார மந்திரிச்சு என்ன புண்ணியம்? அதான் வீட்டுக்கு வந்து நானே சீட்டத் தொறந்து, லூர்துராணி வேளாங்கண்ணிலேர்ந்து கொண்டாந்து வச்சுருந்த பாட்டில எடுத்து...

ஏன் சீட்டத் தூக்குறீங்க? ஆமா, சொட்டுது. அது தண்ணியில்லைங்க, தீர்த்தம். தீர்த்தம் எப்புடிங்க வண்டியக் கெடுக்கும்?

இருங்க இருங்க, தரையில விடாதீங்க. மந்திரிச்சது கால்ல மிதிபடக் கூடாது. ஒரு டம்ளர் கொண்டாங்க. பாட்டில் ஏன் காலியா இருக்குன்னு லூர்துராணி கேப்பா. கெடைக்கிற வரைக்கும் புடிச்சு அதுலயே ஊத்தி வச்சுருவோம்...

சார்... டம்ளர் எடுக்கத்தான உள்ள போனீங்க? எதுக்குத் தாப்பா போடுறீங்க? சார், லூர்துராணி போன் பண்றா... நா என்னன்னுங்க சொல்றது?