பீலித்தண்ணி

கஹவத்தை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக்காரரு பேன் வளத்தாருக்கா.”

“தலையிலயா?”

“மீன்தொட்டியில. புதுசா கடல் மீன் வாங்குனாரு. பேன் மாதிரி ஒரு கடல் பூச்சி, அதத்தான் அந்த மீனு திங்குமாம். பூச்சிக்குச் சாப்பாடுன்னு, கொல கெந்த எலக்கஞ்சி மாதிரி பச்சக்கலர் தண்ணி ஒன்ன ஃப்ரிட்ஜ்ல வச்சு ஊத்துவாரு.”

“ம்.”

“அவரு கொழும்புக்குப் போயிருந்தப்ப பாத்தா, தண்ணியெல்லாம் பச்ச, கண்ணாடியெல்லாம் பூச்சி. பாவம் மீனுன்னு தொட்டியக் கழுவி, பீலிக் கொழாயில நல்ல தண்ணி புடிச்சு நெரப்பிட்டேன்.”

“ஐயோ.”

“மீனு செத்து மெதந்திச்சு. அவரு வந்து ஏசல. தொட்டித் தண்ணியில விரலத் தொட்டு நாக்குல வச்சுப் பாத்தாரு. ‘உப்பு இல்ல’ன்னாரு.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

“இப்ப கறியில உப்பு இல்லாட்டியும் அவரு சொல்றதில்லக்கா.”