கருணைக்கிழங்குக்கு ஆறாத புண்

மகளிர் பிணி தீர்த்த மாண்பே! மதுரைத் தாய்மார் வெளியில் சொல்லத் தயங்கியதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்ட மருத்துவர் பெர்சி அம்மையாரே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து ஓய்வு பெற்றுச் செல்லும் தங்களைப் போற்ற எழுந்த எங்களுக்குப் பெருமையைவிட வெட்கமே முந்திக்கொண்டு வருகிறது. காரணம், தங்கப்பொண்ணு.

தங்கள் பரிசோதனை அறையில் திரை பிடித்து நிற்கும் ஆயா அவர். "கூச்சப்படாத தாயி, அம்மாகிட்ட காட்டு" என்று ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவர். அவருக்கே சொல்லக் கூசும் இடத்தில் அரிப்பெடுத்துப் புண்ணானபோது வாயடைத்துப் போனார். ஏன் நடை சரியில்லை என்று கேட்டதற்கு, "மூலம்" என்றார். மூலம் என்றால் மரியாதைக்குக் குறைவில்லை அல்லவா! நாங்களும் நம்பி, மூலத்துக்குக் கைகண்ட மருந்தென்று முறைவைத்துக் கருணைக்கிழங்கு மசியல் கொண்டுவந்தோம். மருத்துவமனைக்குள்ளேயே மாதக்கணக்கில் நடந்த மடமை இது.

ஒருநாள் திரையைப் பிடித்தபடி அவர் வலியில் பல்லைக் கடித்ததைக் கண்டீர்கள். வந்த நோயாளியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். உள்ளே நடந்ததைத் தங்கப்பொண்ணே பின்னர் எங்களுக்குச் சொன்னார்.

"தங்கம், ஏறிப் படு."

"வேணாம்மா. நாளைக்கு உங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்? எவன்கிட்ட போயி வந்துச்சுன்னு ஊரு கேக்கும்."

"நாந்தான் உன் மொகத்துல முழிக்க வெக்கப்படணும். தெனமும் பக்கத்துலயே நின்னயே, நான் பாக்கலயே."

அழுதுகொண்டே படுத்தார். திரையைத் தாங்களே இழுத்துவிட்டீர்கள்.

அரிதினும் அரிதாய் வரும் நோய் அது. சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து உறுதி செய்தீர்கள்; தேர்ந்த அறுவை மருத்துவரைத் தேடிப்பிடித்து, புண்ணையும் நோய் பரவத் தொடங்கிய தொடை இடுக்கு நெறிக்கட்டிகளையும் அகற்றச் செய்தீர்கள்; கதிர்வீச்சுக்குப் போன நாட்களில் துணைக்கு அமர்ந்தீர்கள்.

இந்த மடலிலும் முதலில் "ஊழியர் ஒருவருக்கு வந்த மகளிர் நோய்" என்றுதான் எழுதியிருந்தோம். அதைப் படித்ததும் தங்கப்பொண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னமும் மூடி மறைச்சு எழுதுறீக? எம் பேரப் போடுங்க, நோய் பேரயும் போடுங்க. காத்திருக்கிற பொம்பளைக படிக்கிற எடத்துல இதுல ஒரு நகல மாட்டுங்க."

பேனா பிடித்தவர் நோயின் பெயருக்கு வந்ததும் எழுதாமல் நிறுத்திக்கொண்டார். "குடுங்க, அந்த வரிய நானே வாசிக்கிறேன்" என்றார் தங்கப்பொண்ணு.

அன்னையே! தங்கள் உடல் நலமும் உள்ள நலமும் குன்றாமல் நெடிது வாழ்க என்று வாழ்த்தி, கடைசி வரியை அவரிடமே தருகிறோம்:

"எனக்கு வந்தது பெண்ணுறுப்புப் புற்றுநோய். பெர்சி அம்மா பாத்தாக. பொழச்சேன்."

நாணத்தோடும் நன்றியோடும்,
மகளிர் பிரிவு ஊழியர்கள்,
மதுரை.